நெடுங்காட்டுக் காற்றுக்கு எந்த ஹெலிகாப்டர்?

ரிமோட் ஹெலிகாப்டர் விசாரிக்க என் கடைக்கு வருகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்னால் அளவைத்தான் கேட்பார்கள். "எவ்வளவு பெருசு இருக்கும்ணே?" ஒரு முழத்துக்குக் கையை விரித்துக் காட்டினால் முகம் மலர்ந்துவிடும். சாண் அளவைக் காட்டினால், "அது சின்னப் புள்ளைங்க விளையாட்டு சாமான்ல?" என்று உதட்டைப் பிதுக்குவார்கள். முதல் ரிமோட் ஹெலிகாப்டரை அளவு பார்த்து வாங்கியவர்களில் பெரும்பாலோர் இரண்டாவது ஒன்றை வாங்கியதில்லை. ரிப்பேர்க் கடைக்காரன் என்ற முறையில் இதை அடித்துச் சொல்வேன்.

நான் ஏரோநாட்டிக்கல் படித்தவன் இல்லை. ரேடியோ, டேப் ரெக்கார்டர் காலத்தில் காரைக்கால் மாவட்டத்து நெடுங்காடு கடைத்தெருவில் சாலிடரிங் அயர்ன் பிடித்தவன். பிறகு டி.வி. வந்தது, டிஷ் வந்தது, செல்போன் வந்தது. எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தாயிற்று. ஹெலிகாப்டர் என் மேஜைக்கு வந்த வழி காரைக்காலுக்கே உரியது. 1954 வரை பிரெஞ்சுக்காரன் கையில் இருந்த மண் இது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா குடும்பங்களின் பேரன் பேத்திகள் இன்றைக்கும் பாரிஸ் பக்கம் இருக்கிறார்கள். பிழைக்கப் போன சபுராளிகள் வளைகுடாவில், சிங்கப்பூரில். லீவுக்கு வருகிறவர்கள் அண்ணன் மகனுக்கு, தங்கை மகனுக்கு என்று கொண்டுவரும் பெட்டியில் சென்ட் பாட்டிலுக்கும் சாக்லேட்டுக்கும் நடுவே ஒரு ஹெலிகாப்டர் இருக்கும். கொடுத்தவர் திரும்ப விமானம் ஏறுவதற்குள் அது என் கடைக்கு வந்துவிடும்.

முதலில் வந்தவை சைமா எஸ்107ஜி வகை. 2010-ஐ ஒட்டி உலகம் பூராவும் விற்ற சாமான். அலுமினிய உடம்பு, மூன்று சானல் (ரிமோட்டிலிருந்து மூன்று தனித்தனிக் கட்டளை), மேலும் கீழுமாக எதிரெதிர்த் திசையில் சுற்றும் இரண்டு ஜோடி இறக்கை. கோஆக்சியல் என்பது இதைத்தான். ரிமோட் பேசுவது அகச்சிவப்புக் கதிரில். வெயிலிலும் அந்தக் கதிர் நிறைய இருப்பதால், காலை பத்து மணிக்குத் திறந்தவெளியில் எஸ்107ஜிக்கு ரிமோட்டின் பேச்சே காதில் விழாது. "ரிமோட் போச்சுண்ணே" என்று எடுத்து வந்தவர்களிடம் நான் கூலி வாங்கியதில்லை. ஷட்டரை இறக்கி, கடைக்குள்ளேயே பறக்கவிட்டுக் காட்டி அனுப்பிவிடுவேன். அது வீட்டுக்குள் பறப்பதற்கென்றே செய்த பொருள், நல்ல பொருளும்கூட. கூரை விசிறியை அணைத்துவிட்டு ஆறு வயதுக் குழந்தை ஓட்டலாம். ஆனால் அதை ஓட்டிப் பழகியவருக்கு ஹெலிகாப்டர் ஓட்டத் தெரிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. இரண்டு இறக்கைகளும் ஒன்றின் முறுக்கை மற்றொன்று தின்றுவிடுவதால் வால் அலையாது; பக்கவாட்டில் போகவே அதற்குத் தெரியாது. நிஜ ஹெலிகாப்டரின் தொல்லைகளில் பாதி அங்கே இல்லை.

அதற்கு நேர் எதிர்க்கோடியில் இருப்பது 450 வகை. தைவான் நாட்டு அலைன் கம்பெனியின் டி-ரெக்ஸ் 450 வந்த பிறகு அந்த எண்ணே ஓர் அளவின் பெயராகிவிட்டது. இறக்கை ஒன்று 325 மில்லிமீட்டர். சுற்றும்போது குறுக்களவு எழுபது சென்டிமீட்டர். எடை முக்கால் கிலோவை ஒட்டி. குவைத்திலிருந்து ஊருக்கே திரும்பிவிட்ட ஒருவர் இப்படி ஒன்றைப் பூட்டிய நிலையிலேயே கொண்டுவந்தார். முன்பின் எதையும் பறக்கவிட்டவர் இல்லை. மாசி அறுவடை முடிந்திருந்த நேரம். ஊர்க் களத்தில் வைத்து வேகத்தைக் கூட்டினார். பக்கத்தில் நின்ற என் லுங்கி படபடத்தது. இரண்டடி எழும்பியதும் வால் திரும்பியது. பயத்தில் ரிமோட்டின் குச்சியைச் சடக்கென்று கீழே இழுத்தார். சாதாரண மெஷினாக இருந்தால் வேகம் குறைந்து தொப்பென்று உட்கார்ந்திருக்கும். இதில் வேகம் மாறாது, இறக்கையின் கோணம்தான் மாறும். வாங்கி வரும்போதே தலைகீழாகப் பறக்கிற வித்தைக்கு அமைத்துக் கொடுத்திருந்தார்கள். குச்சி கீழே போனதும் கோணம் எதிர்ப்பக்கம் திரும்பி மெஷினைத் தரையில் அறைந்தது. அங்கிருந்து உருண்டு களத்தோரத்து வயலுக்குள் போய் விழுந்தது.

அறுவடை மெஷின் விட்டுப்போன தாள் முழங்கால் உயரத்துக்கு விறைத்து நிற்கும். அதற்குள் விழுந்த ஹெலிகாப்டரை வெளியே எடுத்துப் பார்த்தால் வாலிறக்கை அச்சைச் சுற்றி வைக்கோல் கயிறாய்த் திரிந்து இறுகியிருந்தது. பிளேடு வைத்து அறுத்துத்தான் பிரித்தேன். கடைக்குக் கொண்டுவந்து ஷோகேஸ் கண்ணாடியின் மேல் மெயின் ஷாஃப்டை வைத்து உருட்டினேன். நேராக இருந்தால் சத்தமில்லாமல் ஓடும். வளைந்திருந்தால் டக், டக் என்று தட்டும். தட்டியது. பெரிய இறக்கைகளைத் தாங்கும் ஃபெதரிங் ஷாஃப்டும் தட்டியது. மெயின் பிளேடு இரண்டும் போச்சு. வால் குழாய் மடங்கிவிட்டது. பெரிய பல்சக்கரத்தில் ஒரு பக்கம் பல்லே இல்லை. இறக்கைக் கோணத்தை மாற்றும் மூன்று சர்வோவில் ஒன்று கரகரத்தது. பறந்தது சில விநாடி. உதிரிபாகக் கணக்கைப் போட்டுக் காட்டியதும், "நானா, இதைப் பத்திரமா வச்சிருங்க, அப்புறமாப் பார்ப்போம்" என்று சொல்லிப் போனார். இன்னும் பரணில் இருக்கிறது.

பெரிய மெஷின் காற்றில் நிலையாக நிற்கும், கண்ணுக்கும் நன்றாகத் தெரியும் என்று அனுபவஸ்தர்கள் சொல்வது பொய்யில்லை. கை பழகியவனுக்கு 450-ஐவிட அதனினும் பெரிய 600 வகை சுகம். பழகாதவனுக்கு அந்தச் சுகம் கிடைப்பதற்குள் பணம் தீர்ந்துவிடும். ஆபத்து வேறு இருக்கிறது. நிமிடத்துக்கு 2,500 சுற்று என்று வைத்துக்கொண்டால், எழுபது சென்டிமீட்டர் வட்டத்தில் இறக்கை நுனியின் வேகம் மணிக்கு 330 கிலோமீட்டர் வரும். 2013 செப்டம்பரில் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு பூங்காவில் 19 வயதுப் பையன் தன் ஹெலிகாப்டரின் இறக்கை பட்டே இறந்துபோனான். அவன் ஓட்டத் தெரியாதவன் இல்லை, நல்ல பழக்கம் உள்ளவன். இந்தச் சேதியைச் சொல்லாமல் நான் யாருக்கும் 450-க்கு மேல் வாங்கித் தந்ததில்லை.

இந்த இரண்டு கோடிக்கும் நடுவில்தான் முதல் ஹெலிகாப்டரைத் தேட வேண்டும். அங்கே இருப்பவை இரண்டு வகை. ஒன்று, ஒற்றை இறக்கை, கோணம் மாறாதது, நாலு சானல். டபிள்யூ.எல்.டாய்ஸ் வி911 இந்த வகையில் பேர்போனது. இறக்கைக்கு மேல் நாற்பத்தைந்து பாகைக் கோணத்தில் ஒரு சின்னக் குண்டுத்தண்டு சுற்றி அதைச் சமநிலையில் வைத்திருக்கும். வாலில் தனி மோட்டார். உள்ளங்கையில் நிறுத்தலாம், எடை நாற்பது கிராமை ஒட்டித்தான். விழுந்தால் பெரும்பாலும் எடுத்து மறுபடி பறக்கவிடலாம், ஏனென்றால் உடைவதற்கு வேண்டிய எடையே அதற்கு இல்லை. இன்னொன்று, கோணம் மாறும் இறக்கை கொண்ட குட்டி மெஷின். எக்ஸ்.கே. கே110 அந்த ரகம். ஆறு சானல். அதில் ஒரு சுவிட்ச் உண்டு. ஒரு பக்கம் தள்ளினால் குச்சியை விட்டதும் தானே சமநிலைக்கு வந்துவிடும். மறுபக்கம் தள்ளினால் முழுக்க நம் கைக்கு வந்துவிடும். கை பழகப் பழக அந்தச் சுவிட்சைத் தாண்டிப் போகலாம் என்பதால் சீக்கிரம் சலிக்காது.

இப்போது உயரத்தைத் தானே பிடித்துக்கொள்ளும் ஹெலிகாப்டர்களும் வருகின்றன. காற்றழுத்தத்தை அளக்கும் சில்லு உள்ளே இருக்கும், குச்சியை விட்டால் அதே உயரத்தில் நிற்கும். பத்து வயதுப் பிள்ளைக்கு வாங்கலாம், தாராளமாக. மேலே மேலே கற்க நினைப்பவர் வாங்கினால் இடது கைக்கு வேலையே இராது. உயரத்தைப் பிடிப்பதுதான் ஹெலிகாப்டர் ஓட்டுவதில் பாதி.

இனி காற்று. நெடுங்காடு கடலிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள். நடுவில் மலையோ காடோ கிடையாது, வயல்தான். ஆனி, ஆடியில் மேல்காற்று. கடற்கரையில் கச்சான் என்பார்கள். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்னும்போது நாற்பது கிராம் எம்மாத்திரம்? மற்ற மாதங்களிலும் பகல் ஏறியதும் கிழக்கேயிருந்து கடல்காற்று நுழையும். குட்டி ஹெலிகாப்டர் முழு மூச்சாக முன்னால் போனாலும் நாம் வேகமாக நடக்கும் வேகத்தைவிடக் கொஞ்சம் கூட இருக்கும், அவ்வளவுதான். காற்று அதைவிட வேகமாக அடித்தால் மெஷின் நம்மிடம் திரும்பி வராது. தென்னை மட்டை அசையாமல் தொங்கினால் எடு, மட்டையின் நுனி ஆடினால் வைத்துவிடு. பையன்களுக்கு நான் சொல்லிக்கொடுத்த வானிலை அறிக்கை இவ்வளவே. எங்கள் ஊரில் விடிந்து ஒன்றிரண்டு மணி நேரமும், பொழுது சாயும் நேரமும்தான் தோது. அந்த நேரத்துக்கு எழுந்து வரத் தயாராக இல்லாதவர் வீட்டுக்குள் ஓட்டும் கோஆக்சியலோடு நின்றுகொள்வது நல்லது.

இடத்துக்கும் பஞ்சம்தான். டெல்டாவில் வெறும் நிலம் கண்ணுக்கெட்டிய தூரம் கிடப்பதாக வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். சம்பா முடியும் முன்பே ஈரத்தில் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவார்கள். தை, மாசியில் தாளுக்கு நடுவே பயிர் நிற்கும். அதில் விழுந்த ஹெலிகாப்டரைத் தேடி மிதித்துக்கொண்டு போனால் வயல்காரர் சும்மா விடமாட்டார். நடவுக் காலத்தில் சேறு மெத்தையாகத் தாங்கும், தண்ணீர் சர்க்யூட்டைத் தின்றுவிடும். ஆகவே பள்ளிக்கூட மைதானம், கோயில் திடல், களம். புல் நீளமாக வளர்ந்த இடமும் வேண்டாம், வாலிறக்கை சிக்கும். பழைய சாக்கு அல்லது தார்ப்பாய் ஒன்றை விரித்து அதிலிருந்து ஏற்றி இறக்குவது சிறந்தது. மணல் கிளம்பி மோட்டாருக்குள் போகாது.

என்னிடம் கேட்டால், முதலில் வாங்க வேண்டியது ஹெலிகாப்டரே இல்லை, ரிமோட். இதைச் சொன்னதும், "வியாபாரத்துக்காகச் சொல்றாரு" என்று நினைப்பவர்கள் உண்டு. பெட்டியோடு வரும் ரிமோட் அந்த ஒரு மெஷினோடு போச்சு. அதன் குச்சி தொளதொளவென்று இருக்கும், நுட்பமான அசைவு வராது. பல கம்பெனி மெஷின்களோடு பேசக்கூடிய மல்ட்டி புரோட்டோகால் ரிமோட்டுகள் இப்போது வந்துவிட்டன, ரேடியோமாஸ்டர் மாதிரி. வி911-ஐயும் கே110-ஐயும் ஒரே ரிமோட்டில் ஓட்டலாம். அதே ரிமோட்டை யு.எஸ்.பி. வயரில் பழைய லேப்டாப்பில் செருகி சிமுலேட்டரில் பழகலாம். ரியல்ஃப்ளைட், நெக்ஸ்ட், ஹெலி-எக்ஸ் என்று பல இருக்கின்றன. லேப்டாப்பில் விழும் ஹெலிகாப்டருக்கு ஷாஃப்ட் வாங்க வேண்டியதில்லை. மழைக்காலம் முழுக்க வீட்டில் சிமுலேட்டர் ஓட்டிவிட்டு வருகிற பையனையும், நேராகப் பெட்டியைப் பிரித்துக்கொண்டு வருகிறவனையும் நிற்கும் விதத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். முன்னவன் விரல் நுனியால் குச்சியைப் பிடிப்பான். பின்னவன் ரிமோட்டையே திருப்புவான்.

ரிமோட்டில் எங்கள் ஊருக்கென்று ஒரு வில்லங்கம் உண்டு. வேகம் கூட்டும் குச்சி இடக்கையில் இருந்தால் மோட் 2, வலக்கையில் இருந்தால் மோட் 1. இந்தியாவில் விற்பவை பெரும்பாலும் மோட் 2. பிரான்சில், அதிலும் பழைய ஆட்களிடம், மோட் 1 பழக்கம் அதிகம். மாமா பாரிஸிலிருந்து ஒன்றைக் கொண்டுவருவார், பையன் சிமுலேட்டரில் பழகியது வேறாக இருக்கும். மெஷின் எழும்பும் நேரத்தில் எந்தக் கை எது என்று மூளை யோசித்துக்கொண்டிருந்தால் அதற்குள் காரியம் முடிந்துவிடும். வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கி வருவதாக இருந்தால் மோட் எது என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். ரேடியோ 2.4 கிகாஹெர்ட்ஸா என்பதையும் கேளுங்கள். பழைய 35, 72 மெகாஹெர்ட்ஸ் செட்டைச் சலுகை விலைக்கு யாராவது தலையில் கட்டப் பார்ப்பார்கள். ஒரே அலைவரிசையில் இன்னொருவர் ஆன் செய்தால் அதில் நம் மெஷின் விழுந்துவிடும்.

ஓட்டக் கற்றுக்கொள்வதில் கடினமானது பறப்பது இல்லை, ஒரே இடத்தில் நிற்பது. மழைக்கால வரப்பில் நடப்பவனின் கால்கள் எப்படி யோசிக்காமலே அரை அங்குலம் இப்படியும் அப்படியும் தள்ளித் தள்ளித் தன்னை நிறுத்திக்கொள்கின்றனவோ, அந்தத் திருத்தம் விரலுக்கு வர வேண்டும். வால் நம்மைப் பார்த்து இருக்கும்போது இடது இடதுதான். மூக்கு நம் பக்கம் திரும்பிவிட்டால் இடது வலதாகிவிடும். நல்ல நல்ல கைகளெல்லாம் குழம்புவது இங்கேதான். வால் நம் பக்கம், பிறகு பக்கவாட்டு இரண்டும், கடைசியாக மூக்கு நம் பக்கம். இந்த வரிசையை மாற்றாமல் ஒவ்வொன்றிலும் பேட்டரி தீரும்வரை அசையாமல் நிறுத்தப் பழகினால், வட்டமும் எட்டும் தானாக வரும். தரையை ஒட்டி ஓரடி உயரத்தில் வைத்துப் பழகுவது பத்திரம் என்று நினைப்பார்கள். அங்கேதான் இறக்கையின் காற்று தரையில் மோதித் திரும்பி மெஷினை உலுக்கும். இடுப்பு உயரத்துக்குக் கொண்டுபோனால் அமைதியாகிவிடும்.

உதிரிபாகம் கிடைக்குமா என்ற கேள்விக்கு 2022-க்கு முன் ஒரு பதில், பின் ஒரு பதில். அந்த வருஷம் பிப்ரவரி 9-ஆம் தேதி மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககம் வெளிநாட்டு ட்ரோன்களை (சட்டத்தின் கணக்கில் ரிமோட் ஹெலிகாப்டரும் ட்ரோன்தான்) முழுதாகவோ பிரித்தோ இறக்குமதி செய்யத் தடை போட்டது, பாகங்களுக்குத் தடையில்லை. அதற்குப் பிறகு கடைகளில் சரக்கு ஒரு மாதம் இருக்கும், மறுமாதம் இராது. ஆகையால் பிளேடு, மெயின் கியர், மெயின் ஷாஃப்ட், வால் மோட்டார் இந்த நான்கும் தனியாகக் கிடைக்கும் மாடலையே வாங்க வேண்டும், வாங்கும்போதே ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடி சேர்த்து வாங்கிவிட வேண்டும். சென்னைக்குப் போனால் ரிச்சி தெருவில் கனெக்டர், வயர், சார்ஜர் கிடைக்கும். வி911-க்கு மெயின் கியர் கேட்டால் விழிப்பார்கள்.

பேட்டரி எல்லாம் லித்தியம் பாலிமர். ஒரு செல் 3.7 வோல்ட் என்று எழுதியிருப்பான். முழுதாக ஏறினால் 4.2. மூன்றுக்குக் கீழே இறக்கிவிட்டால் அதோடு சரி, பழைய தெம்பு வராது. ஓட்டுவது ஐந்தாறு நிமிடம், ஏற்றுவது அரை மணிக்கு மேல். ஒரே ஒரு பேட்டரியோடு வாங்குகிறவன் திடலில் உட்கார்ந்து வேடிக்கைதான் பார்ப்பான். நாலைந்தாவது வேண்டும். சூடு ஆறாமல் சார்ஜில் போடக் கூடாது. பல நாள் ஓட்டாமல் வைப்பதானால் 3.8 வோல்ட்டில் நிறுத்தி வைக்க வேண்டும். முழுதாக ஏற்றிய பேட்டரியை நம் சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் டிக்கியில் போட்டுவைத்தால் அப்பளமாக உப்பும். நான் மண் சட்டிக்குள் வைத்துத்தான் சார்ஜ் ஏற்றுவது, மேலே இன்னொரு சட்டி மூடி. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் உதிரி பேட்டரியைக் கைப்பையில்தான் எடுத்து வர வேண்டும், சரக்குப் பெட்டியில் போடக் கூடாது என்பது விமான நிறுவனங்களின் விதி.

இன்னொரு எதிரி உப்பு. பீச்சில் பறக்கவிட்டு வீடியோ எடுக்க ஆசைப்படாத பையன் காரைக்காலில் இல்லை. மறுவாரம் பேரிங் கரகரக்கும், ஷாஃப்டில் துரு. தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும், அதையும் துடைத்துவிட வேண்டும்; எண்ணெய்ப் பிசுக்கில் மணல் ஒட்டினால் இன்னும் மோசம்.

நெல்லுக்கும் ரிமோட் ஹெலிகாப்டருக்கும் இருக்கும் பழைய உறவை எங்கள் பக்கத்து விவசாயிகளிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். ஜப்பானில் விவசாயிகளுக்கு வயதாகிக்கொண்டு போனது, வயல்களும் சிறியவை. மருந்தடிக்க யமஹா கம்பெனி ஆளில்லா ஹெலிகாப்டர் செய்தது. ஆர்-50 என்று பேர், 1987-ல் வந்தது; இருபது கிலோ மருந்து தூக்கும். நம் செருமாவிலங்கையில் பண்டித ஜவாஹர்லால் நேரு வேளாண் கல்லூரி தொடங்கியதும் அதே 1987-ல்தான். 1997-ல் யமஹா ஆர்மேக்ஸ் வந்தது. ஆக, வயலுக்கு மேலே மருந்து தெளித்த முதல் ஆளில்லா இயந்திரங்களில் முன்னோடி ட்ரோன் இல்லை, ஒற்றை இறக்கை ஹெலிகாப்டர். பிறகு நாலு, ஆறு மோட்டார் வைத்த ட்ரோன் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. காரணம் எளிது: ட்ரோனில் சுற்றுவது மோட்டார் மட்டும், ஹெலிகாப்டரின் தலையில் எத்தனை இணைப்பு, எத்தனை பேரிங், எத்தனை திருகு! ரிப்பேர்க்காரனுக்கு ஹெலிகாப்டர் லாபம், விவசாயிக்கு ட்ரோன் லாபம்.

2018-ல் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் தக்‌ஷா ட்ரோன் அணியில் நடிகர் அஜித்குமார் ஹெலிகாப்டர் சோதனை ஓட்டுநராகவும் ஆலோசகராகவும் சேர்ந்தார். அந்த அணி ஆஸ்திரேலியாவில் மெடிக்கல் எக்ஸ்பிரஸ் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. அந்த வருஷம் என் கடையில் வந்த விசாரணைக்கு அளவில்லை. சினிமா பார்த்து வந்த கூட்டம் என்று நான் அலட்சியமாகத்தான் பேசினேன், ஆனால் அதில் சிலர் நிலைத்தார்கள். நாலு சானலில் கை பழகியவர்கள் பின்னால் வயதும் பத்தாம் வகுப்புச் சான்றும் காட்டி, பயிற்சி எடுத்து, ரிமோட் பைலட் சான்றிதழ் வாங்கி இப்போது வயலில் மருந்து ட்ரோன் ஓட்டுகிறார்கள். மத்திய அரசு 2023 நவம்பரில் 15,000 மகளிர் குழுக்களுக்கு ட்ரோன் தரும் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்த பிறகு பெண்களும் விசாரிக்க வருகிறார்கள். ட்ரோன் ஓட்டுவதற்கு ஹெலிகாப்டர் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் தெரிந்தவன் கையில் ஜி.பி.எஸ். அறுந்தாலும் ட்ரோன் பதறாது.

சட்டம் பற்றி ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 25-ல் வந்த ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை நானோ வகை. அதை ஓட்டப் பைலட் சான்றிதழ் தேவையில்லை. 250 கிராமுக்கு மேல் இரண்டு கிலோ வரை மைக்ரோ. வியாபாரத்துக்கு இல்லையென்றால் அதற்கும் சான்றிதழ் வேண்டாம். பச்சை மண்டலத்தில் 400 அடிதான் எல்லை. நம் இடம் எந்த மண்டலம் என்று டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த விதிகள் மத்திய அரசுடையவை என்பதால் புதுச்சேரி எல்லையைத் தாண்டி மயிலாடுதுறை மாவட்டத்து வயலில் போய் விழுந்தாலும் சட்டம் மாறாது. வயல்காரர் மாறுவார், அதுதான் சங்கடம். கூட்டத்துக்கு மேலே எதையும் பறக்கவிடக் கூடாது. சனிப்பெயர்ச்சி சமயத்தில் திருநள்ளாறு பக்கம் நானோகூட எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

சரி, எதை வாங்குவது? பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு வீட்டுக்குள் ஓட்டும் கோஆக்சியல் போதும். பள்ளிப் பையனுக்கு, கற்றுக்கொள்ள ஆசை இருந்தால், நாலு சானல் வி911 வகை. ரிமோட்டும் சிமுலேட்டரும் முதலிலேயே வாங்கி, நாலு பக்கமும் நிறுத்தப் பழகிவிட்ட பெரியவருக்கு கே110 வகை, தானே சமநிலைக்கு வரும் சுவிட்சைப் போட்டபடி. 450 யாருக்கும் முதல் மெஷினாக வேண்டாம், சும்மா கிடைத்தாலும்.

இப்போது ஐப்பசி மழை தொடங்கிவிட்டது. கையில் இருக்கும் பணத்தில் பாதியை ரிமோட்டுக்குக் கொடுங்கள், மழை விடும்வரை லேப்டாப்பில் ஓட்டுங்கள். மீதிப் பணத்துக்கு ஹெலிகாப்டரையும் உதிரி பேட்டரிகளையும் பொங்கல் கழித்து வாங்கிக்கொள்ளலாம். அப்போது காலையில் காற்று இராது, திடலும் காய்ந்திருக்கும்.